242 ரூபாய் கம்ப்யூட்டர்

ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயுசு எவ்வளவு என்று ஜோசியரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. வருமான வரிக்காரர்களைக் கேட்க வேண்டும். வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் என்று பட்டென்று சொல்வார்கள். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெஷின் முதல் வருஷ முடிவில் 24,000. இரண்டாவது வருஷம் 14,400. ஐந்தாவது வருஷம் 3,110. பத்தாவது வருஷம் 242 ரூபாய். (பைசாவை விட்டுவிட்டேன். பி.காம். படித்தவன் பைசாவை விடலாமா என்றால், விடலாம். அதற்கு 'ரவுண்டிங் ஆஃப்' என்று கௌரவமான பெயர் இருக்கிறது.)

கம்பெனிச் சட்டம் இன்னும் கறார். மேஜைக் கம்ப்யூட்டர், லேப்டாப் இரண்டுக்கும் உபயோக ஆயுள் மூன்றே வருஷம் என்று அட்டவணை போட்டு எழுதி வைத்திருக்கிறது.

ஏற்காட்டுக்கு இந்தச் சட்டம் எதுவும் ஏறி வரவில்லை. இருபது ஹேர்பின் பெண்டில் எங்கேயோ மூச்சு வாங்கி நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். மலையில் கம்ப்யூட்டர் என்பது சில்வர் ஓக் மரம் மாதிரி. நட்டால் நிற்கும். லாட்ஜ் ரிசப்ஷன், எஸ்டேட் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, எங்கே போனாலும் ஒரு பழைய பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் வயதைக் கண்டுபிடிக்க பில் தேட வேண்டாம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணினால் போதும். மரத்தை வெட்டி வளையம் எண்ணுவார்களே, அதே கணக்கு.

பத்திரிகைக்கு எழுதுவது போக, மலை மேலே நாலைந்து பேருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். (எழுதுவதை மட்டும் நம்பினால் தேய்மானம் எனக்கு.) அதில் ஒண்டிக்கடை பக்கம் ஒரு லாட்ஜ். பன்னிரண்டு ரூம். ஓனருக்கு அறுபது வயது, பக்கத்திலேயே இரண்டு ஏக்கர் காபியும் மிளகும் உண்டு. போன தடவை போனபோது, காபி வருவதற்கு முன்னாலேயே கேஸ் வந்துவிட்டது.

"தம்பி, ஆன்ட்டி வைரஸ்காரன் நம்மள விட்டுட்டுப் போறேங்கறான். என்னன்னு பாருங்க."

பார்த்தேன். திரையின் வலது மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி. இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனி எங்கள் பாதுகாப்பு கிடையாது என்று இங்கிலீஷில் மிக மரியாதையாக எழுதியிருந்தது. வேலையை விட்டுத் தூக்கும்போதுதான் கம்பெனிகளுக்கு இவ்வளவு நல்ல இங்கிலீஷ் வரும்.

"பணம் கட்டினோமே தம்பி? புரட்டாசியிலதானே ரினியூவல் போட்டோம்?"

"பணத்துல குறை இல்லைங்கண்ணா. உள்ள இருக்கிற விண்டோஸ் 7-க்கு வயசாகிப் போச்சு."

"நல்லாத்தானே ஓடுது? எங்க அப்பாரு காலத்து அம்பாசிடர்கூடத்தான் இன்னும் இருபது பெண்டும் ஏறுது. டயர்காரன் டயர் குடுக்கமாட்டேன்னா சொல்றான்?"

நியாயமான கேள்வி. இதற்கு நல்ல பதில் சொல்லாமல் 'அப்டேட் பண்ணிக்குங்க சார்' என்று சொல்லிவிட்டுப் போகிற சர்வீஸ் ஆசாமிகளை எனக்குப் பிடிக்காது. அதனால் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தோம், அவரும் நானும்.

அம்பாசிடர் தயாரிப்பு நின்றது 2014 மே மாதம். அதற்கு ஒரு மாதம் முன்னால், 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி, மைக்ரோஸாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பி-யைக் கைவிட்டது. 2001 அக்டோபரில் பிறந்த எக்ஸ்பி பன்னிரண்டரை வருஷம் சேவை செய்து ஓய்வு பெற்றது. இரண்டுமே நம் ஊரில் எல்லா ஆபீஸ் வாசலிலும் மேஜையிலும் நின்றவை. வித்தியாசம் எங்கே என்றால், அம்பாசிடரின் பானெட்டை எந்த மெக்கானிக்கும் திறக்கலாம். கம்பெனி மூடினாலும் சேலத்தில் பிளக் கிடைக்கும், பட்டறையில் வெல்டிங் வைக்கலாம். விண்டோஸின் பானெட்டுக்குப் பூட்டு. சாவி அமெரிக்காவில் ஒரே கம்பெனியிடம். அவன் 'போதும்' என்றால் அப்புறம் ஓட்டை ஓட்டையாகவேதான் இருக்கும்.

"அப்போ ஓட்டைய அடைக்கத்தானே ஆன்ட்டி வைரஸ்?" என்றார்.

இங்கேதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறோம். ஆன்ட்டி வைரஸ் ஓட்டையை அடைக்காது. அது வாட்ச்மேன். கையில் ஆயிரக்கணக்கான திருடர்களின் போட்டோ ஆல்பம் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்கிற வாட்ச்மேன். தெரிந்த முகம் வந்தால் பிடிப்பார். தெரியாத முகமாக இருந்தாலும் முழி சரியில்லை என்றால் நிறுத்திக் கேட்பார். காம்பவுண்டு சுவரில் கல் பெயர்ந்தால் அதைப் பூசுவது வேறு ஆள், கொத்தனார். விண்டோஸ் விஷயத்தில் கொத்தனார் மைக்ரோஸாஃப்ட். மாசாமாசம் வந்து பூசிவிட்டுப் போவார். அதற்குத்தான் அப்டேட் என்று பெயர், ராத்திரி ஷட் டவுன் பண்ணும்போது 'அணைக்காதே' என்று கெஞ்சுமே, அது.

விண்டோஸ் 7-க்குக் கொத்தனார் வருவது 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. காசு கட்டிய கம்பெனிகளுக்கு மட்டும் 2023 ஜனவரி வரை வந்தார். அதே வருஷம் கூகுளின் க்ரோமும் 109-ஆவது பதிப்போடு விண்டோஸ் 7-க்குக் கும்பிடு போட்டது.

கொத்தனார் நின்றதில் இன்னொரு விபரீதம் இருக்கிறது. புது விண்டோஸுக்கு அவர் பூசும்போது எந்த இடத்தில் பூசினார் என்பது ஊருக்கே தெரியும். திருடன் அதைப் பார்க்கிறான். 'ஓஹோ, புது வீட்டில் இந்த மூலையில் ஓட்டை இருந்ததா? அதே மேஸ்திரி கட்டிய பழைய வீட்டிலும் இருக்குமே!' என்று நேரே இங்கே வருகிறான். பழைய வீட்டில் பூச ஆளில்லை. புது வீட்டுக்குப் போடுகிற ஒவ்வொரு பூச்சும் பழைய வீட்டுக்கு வரைபடம்.

ஓனர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகத் தன் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே சொன்னார்: "தண்டுத் துளைப்பான் மாதிரின்னு சொல்லுங்க."

காபி வைத்திருப்பவர்களுக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பானைத் தெரியும். பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள்ளே போய்க் குடைய ஆரம்பித்த பிறகு வெளியே எவ்வளவு மருந்து அடித்தாலும் பலனில்லை. செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. நான் பத்து நிமிஷம் கொத்தனார் கதை சொன்னதை மனுஷர் நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். என் ஃபீஸைக் குறைக்கச் சொல்வாரோ என்று பயம் வந்தது.

*

சரி, கொத்தனார் போனால் போகட்டும், வாட்ச்மேன் ஏன் போகிறார்? அவர் சம்பளம் வாங்குகிறாரே?

உண்மையில் வாட்ச்மேன்கள் உடனே போவதில்லை. எக்ஸ்பி-க்கு 2014-ல் மங்களம் பாடியபோது மைக்ரோஸாஃப்ட்டே தன்னுடைய இலவச ஆன்ட்டி வைரஸுக்கு மட்டும் 2015 ஜூலை வரை புதுத் திருடர்களின் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தது. மற்ற கம்பெனிகளும் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் கூட இருக்கிறோம் என்றன. அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மூன்று காரணம் எனக்குப் புரிகிறது.

முதலாவது, கையெழுத்து விவகாரம். ஆன்ட்டி வைரஸ் மற்ற சாஃப்ட்வேர் மாதிரி வாசலில் உட்காருவதில்லை. விண்டோஸின் கர்ப்பக்கிரகம் வரை போகிறது. அங்கே போக 'நான் இன்ன கம்பெனி, நம்பலாம்' என்று டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துப் போடும் முறையே பழசாகி, ஷா-1 போய் ஷா-2 என்ற பலமான முறை வந்தது. புதுக் கையெழுத்தை அடையாளம் காண விண்டோஸ் 7-க்கு 2019-ல் ஒரு அப்டேட் கொடுத்தார்கள். அப்டேட் என்றாலே அலர்ஜியாகி அதை நிறுத்தி வைத்திருந்த மெஷின்களுக்கு அது போய்ச் சேரவேயில்லை. பேங்கில் ஸ்பெசிமன் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் செக்கைத் திருப்புவார்கள் இல்லையா? ஒரிஜினல் ஆளே நேரில் நின்றாலும் திருப்புவார்கள். அதே கதைதான். வாட்ச்மேன் புது யூனிஃபார்மில் வந்தால் வீடு அவரையே உள்ளே விடமாட்டேன் என்கிறது.

இரண்டாவது, சோதனைச் செலவு. புதுசாக ஒரு ஆல்பம் அனுப்பும்போது அது எந்த விண்டோஸையும் படுக்கவைக்காது என்று ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு கோளாறான ஃபைல். உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. நம் ஊர் ஏர்போர்ட்டில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் அன்றைய தேதியில் ஆதரவு இருந்த மெஷின்கள். அதற்கே அந்தக் கதி என்றால், ஒண்டிக்கடை லாட்ஜ் மெஷினுக்காக ஒரு கம்பெனி தனியாகப் பழைய விண்டோஸை வைத்துச் சோதிக்குமா?

மூன்றாவது, வாட்ச்மேனின் மானம். சுவரில்லாத வீட்டைக் காப்பதாகக் காசு வாங்கிக்கொண்டு, திருட்டுப் போனால் பெயர் கெடுவது அவருக்கு.

இதை ஒரு கம்பெனி வெகு அழகாக வியாபாரமாகவே மாற்றியது. பலருக்குத் தெரியாத விஷயம், அதில் நம்ம சென்னைக்கும் பங்கு உண்டு. ஜே. கேசவர்தனன் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஆரம்பித்த கே7 கம்ப்யூட்டிங். அவர்களுடைய இன்ஜினை வைத்து ஜப்பானில் ஸோர்ஸ்நெக்ஸ்ட் என்ற கம்பெனி 2006-ல் 'வைரஸ் செக்யூரிட்டி ஜீரோ' என்று விற்றது. ஜீரோ என்றால் வருஷாந்திர ரினியூவல் கட்டணம் பூஜ்யம். ஒரு தடவை வாங்கினால் போதும். எதுவரை? உங்கள் விண்டோஸுக்கு மைக்ரோஸாஃப்ட் ஆதரவு இருக்கும்வரை. வாட்ச்மேனின் சர்வீஸைக் கொத்தனாரின் சர்வீஸோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இதைவிட நாணயமான விற்பனை ஒப்பந்தம் நான் பார்த்ததில்லை. வருஷாவருஷம் ரினியூவல் வாங்கிக்கொண்டு நடுவில் மஞ்சள் பெட்டி காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

(புனேயின் குயிக் ஹீல் கதையும் நம்மவர்களுக்குப் பிடிக்கும். கைலாஷ் கட்கர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, கால்குலேட்டர் ரிப்பேர் பண்ணியவர். தம்பி சஞ்சய் ஆன்ட்டி வைரஸ் எழுதினார். 2016-ல் கம்பெனி பங்குச் சந்தைக்கே வந்தது. பையன் படிக்கவில்லை என்று புலம்பும் அப்பாக்கள் இந்த அடைப்புக்குறியை மட்டும் படிக்காமல் விடவும்.)

*

"அதெல்லாம் சரி தம்பி. நம்ம லாட்ஜ்ல திருடறதுக்கு என்ன இருக்கு? பெட்ஷீட்டா?"

பெட்ஷீட்டைப் பொறுத்தவரை அவர் பயம் கெஸ்ட்டுகளைப் பற்றி. கம்ப்யூட்டரைப் பற்றி நான் பதில் சொல்லவில்லை. டெஸ்க்டாப்பில் 'ப்ரூஃப்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, அதைத் திறந்து காட்டினேன். எட்டு வருஷமாக ரூம் போட்டவர்களின் ஆதார், டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு. ஸ்கேன் பண்ணி ஸ்கேன் பண்ணிப் போட்டது. பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள். ஹனிமூன் ஜோடிகள், பைக்கில் வந்த காலேஜ் பையன்கள், மே மாசக் கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள். நீங்கள் எப்போதாவது ஏற்காட்டில் தங்கியிருந்தால் நீங்களும் ஏதோ ஒரு ரிசப்ஷன் பெட்டிக்குள் இருப்பீர்கள், முகம் கறுப்பாக விழுந்த ஆதார் ஜெராக்ஸாக. அதே மெஷினில்தான் அவர் பேங்க் வேலையும் ஜி.எஸ்.டி.-யும் நடக்கிறது. பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய சீட்டில்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு எடுக்காமல் தகவலைக் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு ரூம் லாட்ஜுக்கு 250 கோடி போடமாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஓனர் அந்த எண்ணைக் கேட்டதும் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

திருட்டைவிட மோசம் பூட்டு. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற ஜந்து கிளம்பியது. மெஷினுக்குள் நுழைந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் 300 டாலர் பிட்காயினில் கட்டு என்றது. 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேல் மெஷின்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பக்கத்தில் ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்கள் மாட்டின. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையையும் அது எட்டிப் பார்த்தது. நுழைந்த ஓட்டைக்கான பூச்சை மைக்ரோஸாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. செத்துப்போன எக்ஸ்பி-க்குக்கூட, விஷயம் பெரிதான பிறகு, மறுநாள் ஒரு விசேஷப் பூச்சு கொடுத்தார்கள். திவசத்துக்கு வந்த டாக்டர் ஊசி போட்ட மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. எக்ஸ்பி-தான் அதிகம் அடிபட்டது என்று அன்றைக்கு எல்லோரும் எழுதினார்கள். காஸ்பர்ஸ்கி கணக்குப் போட்டபோது பாதிக்கப்பட்டவற்றில் 98 சதவீதம் விண்டோஸ் 7. எக்ஸ்பி-யில் நுழைந்த வான்னாக்ரை பெரும்பாலும் மெஷினை நீலத் திரையோடு படுக்கவைத்துவிட்டதே தவிர, பரவ முடியவில்லை. அன்றைக்கு விண்டோஸ் 7-க்குக் கொத்தனார் இருந்தார். வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பழைய மெஷின்காரர்களைத் திட்டும்போது இதையும் சொல்ல வேண்டும்.

'ரொம்பப் பழசு என்றால் வைரஸே ஏறாது' என்று ஒரு சித்தாந்தம் மலையில் உலவுகிறது. அதில் ஒரு துளி உண்மையும் உண்டு. 1999 ஏப்ரல் 26-ல் உலகத்தையே கலக்கிய செர்னோபில் வைரஸ் விண்டோஸ் 95, 98 வகையறாவில்தான் வேலை செய்யும். அந்த விண்டோஸ்கள் ஒழிந்தபோது அதுவும் பட்டினி கிடந்து செத்தது. ஆனால் அந்தக் காலத்தில் வைரஸ் எழுதியவர்கள் வேறு ஜாதி. 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'ப்ரெய்ன்' வைரஸில் அவர்களுடைய பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாம் இருந்தது. இன்றைக்கு வருகிறவன் கணக்குத் தெரிந்தவன். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் பொதுத்துறைக் கம்ப்யூட்டரிலேயே புகுந்து பூட்டிவிட்டு 1,950 டாலர் கேட்டான். கோட்டையில் கேட்டவன் ஒண்டிக்கடையில் கேட்கமாட்டானா?

*

ஓனரைச் சமாதானப்படுத்த நான் சொன்ன ஒரு விஷயம் வேலை செய்தது. "அண்ணா, பேங்க்காரங்களே இதுல தூங்கினாங்க."

ஏ.டி.எம். மெஷின் என்பது இரும்பு அங்கி போட்ட சாதாரணக் கம்ப்யூட்டர். 2014-ல் உலகத்து ஏ.டி.எம்.களில் 95 சதவீதம் எக்ஸ்பி-யில் ஓடியதாகச் சொன்னார்கள். மெக்ஸிகோவில் 2013-ல் 'ப்ளூடஸ்' என்று ஒன்று வந்தது. அதன் அடுத்த அவதாரத்தில் திருடன் ஏ.டி.எம்.முக்குள் ஒரு செல்போனை ஒட்டி வைத்துவிட்டு, வெளியிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்புவான். நோட்டு கொட்டும். பின் நம்பர் கிடையாது, கார்டு கிடையாது, 'உங்கள் கணக்கில் போதிய பணம் இல்லை' என்கிற அவமானம்கூடக் கிடையாது.

நம் ரிசர்வ் வங்கி 2017-லேயே பேங்குகளுக்குச் சொல்லிப் பார்த்தது. நகரவில்லை. 2018 ஜூன் 21-ஆம் தேதி கெடு வைத்து ஒரு சுற்றறிக்கை விட்டது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் ஏ.டி.எம்.களில் கால்வாசியை செப்டம்பருக்குள், பாதியை டிசம்பருக்குள், முக்கால்வாசியை 2019 மார்ச்சுக்குள், மொத்தத்தையும் ஜூனுக்குள் மாற்றியாக வேண்டும். எக்ஸ்பி செத்து ஐந்து வருஷம் ரெண்டு மாசம் கழித்து முடிகிற கெடு. அதற்கு முன்னால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் ஏற்காடு ஏ.டி.எம். க்யூவில் நின்றவர்கள், பணம் தீர்ந்துவிடுமோ என்ற ஒரே கவலையோடுதான் நின்றோம்.

அரசாங்கம் வேறு வழியும் காட்டியது. சி-டாக் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளிவந்த 'பாஸ்' லினக்ஸ், நம் நாட்டுச் சரக்கு, விலை கிடையாது. எக்ஸ்பி-க்கு நாள் நெருங்கிய 2014-ல் தமிழ்நாடு அரசு தன் துறைகளிடம் பாஸ் போட்டுக்கொள்ளச் சொன்னது. 2011-ல் ஆரம்பித்த இலவச லேப்டாப்பிலும் விண்டோஸ் 7 ஒரு பக்கம், பாஸ் ஒரு பக்கம் என்று இரண்டும் வைத்துக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த பையன்களில் பாஸ் பக்கம் போனவன், தவறிப் போய் அழுத்தியவன்தான். கெட்ட சாஃப்ட்வேர் இல்லை. ஆனால் மனுஷனுக்கு ஸ்டார்ட் பட்டன் இடது கை மூலையில் இருந்தே பழகிவிட்டது.

லாட்ஜ் விவகாரம் எப்படி முடிந்தது என்றால், ஓனர் செலவுக் கணக்குக் கேட்டார், போட்டுக் கொடுத்தேன். பில்லிங் சாஃப்ட்வேர் பழசு, புது விண்டோஸில் ஓடாது. அதை எழுதிக் கொடுத்த பையன் துபாய் போய்விட்டான். ஆகவே பழைய மெஷின் பில் மட்டும் அடிக்கும், இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கியாகிவிட்டது. பென் டிரைவும் கிட்டே வரக்கூடாது. பேங்க், ஜி.எஸ்.டி., புக்கிங் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் 11 ஓடுகிற செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று. ப்ரூஃப் ஃபோல்டரைப் பூட்டு போட்ட ஒரு ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினோம். எதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு மற்றதை அழிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மானிட்டரிலிருந்த பாஸ்வேர்டு சீட்டை அவரே கிழித்தார். நாலு நாள் கழித்து போன் செய்து பாஸ்வேர்டு என்ன என்று என்னைக் கேட்டார், அது வேறு விஷயம்.

எனக்கு உண்மையான கோபம் விண்டோஸ் 7 பற்றி இல்லை. அதற்கு வயசாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ் 10-ஐத்தான் சொல்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி அதையும் நிறுத்தினார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்று ஒரு சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும் என்று ஜாதகம் கேட்கிறார்கள். ஜாதகப்படி 2017-ல் வாங்கிய அருமையான மெஷின்கள்கூட மாப்பிள்ளை ஆக முடியாது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு உண்டு. 30 டாலர், அல்லது செட்டிங்குகளை மைக்ரோஸாஃப்ட் கணக்கில் பேக்கப் வைத்தால் இலவசம். கம்பெனிகளுக்கு அப்படி இல்லை. ஒரு மெஷினுக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்த வருஷம் இரட்டிப்பாக 122, மூன்றாவது வருஷம் அதிலும் இரட்டிப்பு, 244. அதாவது புத்தகத்தில் 242 ரூபாய் மதிப்புள்ள கம்ப்யூட்டரைக் காப்பாற்ற 244 டாலர். எங்கள் கல்லூரி அக்கவுண்டன்சி வாத்தியார் இருந்திருந்தால் சாக்பீஸை எறிந்திருப்பார்.

இதில் வாட்ச்மேனை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-ல் கூடவே வருகிற டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை திருடர் ஆல்பம் அனுப்புவார்களாம். கொத்தனார் இல்லாமல் வாட்ச்மேன் மட்டும்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு காரியம் பண்ணுங்கள். கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னப் பெட்டி வரும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று அடித்து என்ட்டர் தட்டுங்கள். 11 என்று வந்தால் இப்போதைக்கு டீ குடிக்கப் போகலாம். 10 என்று வந்தால் சிஸ்டம்ஸ் ஆசாமியைப் பிடித்து, கூடுதல் பாதுகாப்புக்குப் பணம் கட்டியாச்சா, பேக்கப் எங்கே இருக்கிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். 7 என்றோ எக்ஸ்பி என்றோ வந்தால், உங்கள் சம்பளக் கணக்கை எந்த மெஷினில் போடுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.